ஆறாவது விரல்

கனவுகளை எழுதுவதற்கென்று நான் வாங்கியது ஒரு எண்பது பக்கக் கொப்பி. முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பாடசாலை. சோக்குப் பெட்டிக்குள் நெத்தலி. அதிபர் ஒன்றும் சொல்லவில்லை." இரண்டாம் நாள்: "பஸ். நிந்தவூரில் இறங்க மறந்துவிட்டேன்." மூன்றாம் நாள் வெறுமனே "ஒன்றுமில்லை". தரம் பத்துக்குக் கணிதம் படிப்பிக்கிற, நாற்பத்தி மூன்று வயதான ஒருத்தி, விடிந்தும் விடியாத நேரத்தில் கட்டிலில் கிடந்தபடி நெத்தலிக் கனவை எழுதுகிறாள் என்று தெரிந்தால் எங்கள் ஊர் சாய்ந்தமருதே கூடிச் சிரிக்கும். அதனால் யாருக்கும் சொல்லவில்லை. கொப்பியைத் தலையணை உறைக்குள் செருகி வைத்தேன்.

இந்த விஷயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் மகள். கம்பஸ் லீவில் வந்திருந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்ளலாமாம். அப்படித் தெரிந்துவிட்டால், கனவுக்குள் நினைத்த இடத்துக்குப் போகலாமாம், நினைத்தவரைக் கூப்பிடலாமாம். அவள் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் திரும்பிப் போன பிறகு போனில் அதைப் பற்றிய வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். கணவருக்குக் கட்டாரில் வேலை. வீட்டில் நானும் உம்மாவும் மட்டும்தான், பார்ப்பதற்கு நேரமும் இருந்தது.

பழகுகிறவர்களுக்கு மூன்று விதிகள். விழித்ததும் அசையாமல் கிடந்து, கண்ட கனவை உடனே எழுத வேண்டும். பகலில் பத்துத் தடவையாவது கைவிரல்களை எண்ணி, இது கனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; பகலில் பழகினால் கனவிலும் கை தானாக எண்ணும், கனவில் விரல்கள் சரியான கணக்கில் இருப்பதில்லையாம். மூன்றாவது, ஒன்றுமே ஞாபகம் இல்லாத நாளிலும் கொப்பியை வெறுமையாக விடக்கூடாது, ஏதாவது எழுத வேண்டும். எனக்கு வினை வைத்தது இந்த மூன்றாவது விதிதான்.

முதலாவது விதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. கெட்ட கனவு கண்டால் இடப்பக்கம் மூன்று முறை துப்புவதுபோல ஊதிவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டும், அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். திரும்பிப் படுத்தால் கனவு கலைந்துவிடும் என்கிறது வீடியோ. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் எழுதுவேன், பிறகு ஊதுவேன், பிறகு திரும்பிப் படுப்பேன். எழுதுவது சொல்வதில் சேராது, கொப்பிக்கு வாயில்லை என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பும் கொடுத்துக்கொண்டேன்.

இத்தனை பாடும் வாப்பாவுக்காக.

வாப்பா வட்டவிதானையாக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து, வாய்க்காலின் மடையைத் திறந்து அடைக்கிற பொறுப்பு அது. சாரனை மடித்துக் கட்டி, டோர்ச் லைட்டும் கையுமாக வாய்க்கால் கரையின் மண்கட்டில் நடந்தே காலத்தைக் கழித்தவர். கொரோனாக் காலத்தில் மூச்சு முட்டுகிறது என்று அவரை அம்புலன்ஸில் ஏற்றினோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளிவாசலுக்குள் போகிறவரைப் போல வெறுங்காலோடு ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கடைசியாகக் கண்டது அவருடைய முதுகைத்தான்.

ஐந்தாம் நாள் தொலைபேசியில் மௌத்துச் செய்தி வந்தது. அந்த நாட்களில் அந்த நோயில் போனவர்களை எரித்தார்கள், அடக்கம் செய்வதே மார்க்கமான எங்கள் ஆட்களையும்தான். எங்கள் கேட்டில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒருவரும் வெளியே போக முடியாது. குளிப்பாட்டவில்லை, கஃபன் துணி சுற்றவில்லை. போய் ஸலாம் சொல்வதற்கு ஒரு கபுறும் இல்லை.

எங்கள் ஊரில் ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் வீட்டார் எல்லோரும் முகம் பார்ப்பார்கள். பிறகு வாரக்கணக்கில் அந்த முகத்தைப் பற்றித்தான் பேச்சு. நல்ல வெளிச்சமாக இருந்தது, சிரித்த மாதிரி இருந்தது, தூங்குகிற மாதிரி இருந்தது என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வீட்டார் மனம் ஆறும். எங்களுக்கு அந்த ஒரு வசனம் கிடைக்கவில்லை. கணவரை இழந்தவர் இருக்கவேண்டிய முறைப்படி உம்மா நான்கு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இத்தா இருந்தார். பார்க்க வந்த பெண்கள் முகத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல், நோயைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு நான்கு வருடத்தில் ஐந்தாறு தடவை வாப்பா என் கனவில் வந்திருக்கிறார். எப்போதும் வாய்க்கால் கட்டில், எப்போதும் எனக்கு முன்னால் நடந்தபடி, எப்போதும் முதுகு. இது கனவு என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டால் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்துவிடுவேன். அந்த ஒரு வசனத்தை நானாகவே எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆக, விரல் எண்ணத் தொடங்கினேன். வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பும்போது எண்ணினேன், மீன்காரரிடம் மிச்சக் காசு வாங்கும்போது எண்ணினேன், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு எண்ணினேன். இரண்டு வாரத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். பின்வரிசையில் ஒருத்தி கையை விரித்து வைத்து என்னைப்போலவே எண்ணிக் காட்ட, வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. டீச்சருக்குக் கூட்டல் மறந்துபோனது என்று ஒரு கதையும் பரவியது. நான் கோபக்காரி, வேறொரு நாள் என்றால் அவளை வெளியே நிறுத்தியிருப்பேன். அன்று பாடத்தைத் தொடர்ந்தேன்.

ஒரு மாதம் போனது. கனவில் பஸ் வந்தது, நெத்தலி வந்தது, செத்துப்போன பூனைகூட வந்தது. வாப்பா வரவில்லை. கொப்பியில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நாலைந்து நாள் தொடர்ந்து எழுதவும் எனக்குச் சினம் ஏறிவிட்டது. ஒரு விடியற்காலையில், அரைத் தூக்கமா முழு விழிப்பா என்று எனக்கே நிச்சயமில்லாத ஒரு நேரத்தில், கை இப்படி எழுதியது: "வாப்பா கிணற்றடியில் நின்றார். தலை நனைந்திருந்தது. துவாய் கேட்டார்."

கனவில் கண்டதல்ல அது. எழுதி முடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. செய்கை காட்டாமல் விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைகளுக்கு இருபது வருடமாகப் புள்ளி வெட்டி வருகிறவள் நான். அது போகட்டும். காணாத கனவைக் கண்டதாகச் சொல்கிறவரிடம் மறுமையில் இரண்டு தானிய மணிகளைக் கொடுத்து ஒன்றோடொன்று முடிச்சுப் போடச் சொல்வார்கள் என்று சிறுவயதில் குர்ஆன் ஓதப்போன இடத்தில் கேட்டிருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து, நெல்மணி இரண்டை எடுத்து முடிச்சுப் போட முடியுமா என்று முயன்றும் பார்த்தேன். அதெல்லாம் ஞாபகம் வந்தும் அந்த வரியை வெட்ட மனம் வரவில்லை. வாப்பா கொப்பிக்குள் வந்துவிட்டாரே.

இரண்டு நாள் கழித்து, உம்மாவின் அறைக் கொடியில் நான்கு வருடமாகத் தொங்கிய வாப்பாவின் பச்சைக் கோடு போட்ட துவாயைக் காணவில்லை. கழுவப் போட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் எழுதினேன்: "வாப்பா முள்ளுக்குள் நடக்கிறார். காலில் ஒன்றுமில்லை." மறுநாள் பாடசாலை விட்டு வந்து வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வாப்பா கழற்றிவிட்டுப் போன செருப்பு அங்கே இல்லை. நான்கு வருடமாக அதைத் தொடாமல் சுற்றித்தான் கூட்டுவோம், கழுவுவோம். இப்போது சீமெந்துத் தரையில் இரண்டு பாதங்களின் அளவில் வெளிறிய அடையாளம் மட்டும் இருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் விரல்களை எண்ணினேன். ஐந்து. மறுபடியும் எண்ணினேன். ஐந்துதான்.

பிறகு வட்டிலப்பம். வாப்பாவுக்கு அந்த இனிப்பில் பைத்தியம், அதனாலேயே அவர் போன பிறகு உம்மா அதைச் செய்ததில்லை. வாப்பா வட்டிலப்பம் கேட்டதாக நான் எழுதிய அந்த வாரமே, வெள்ளிக்கிழமை காலையில் வீடு முழுக்க ஏலக்காய் மணம். ஏன் திடீரென்று என்று கேட்டேன். மனம் கேட்டது, செய்தேன் என்றார் உம்மா. ஒரு துண்டுகூட அவர் வாயில் வைக்கவில்லை. முழுவதும் கிண்ணம் கிண்ணமாக வெளியே போனது.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நான் பொய்யாக எழுதுவதெல்லாம் வீட்டுக்குள் உண்மையாக நடந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில் குசினிக்குப் போகவே கால் கூசியது. கிணற்றடியில் தண்ணீர் சிந்திக் கிடந்தால் அது யாருடைய காலடி என்று குனிந்து பார்த்தேன். எழுதுவதை நிறுத்தியிருக்கலாம், அது செய்யவில்லை. இவ்வளவு பயத்திலும் உள்ளே ஒரு ஆசை இருந்தது: வாப்பா உண்மையிலேயே வந்து போகிறாரோ?

பரீட்சித்துப் பார்க்க நினைத்தேன். அவருடைய டோர்ச் லைட்டை என் அலுமாரியில், சாரிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அது அங்கே இருப்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. "இருட்டாயிருக்கிறது, டோர்ச் எங்கே என்று வாப்பா கேட்டார். அலுமாரிக்குள் இருக்கிறது என்றேன்" என்று எழுதிவிட்டுப் பாடசாலைக்குப் போனேன். அன்று கரும்பலகையில் நான் எழுதிய கணக்கெல்லாம் பிழை. வந்ததும் அலுமாரியைத் திறந்து சாரிகளைத் தூக்கினேன். இல்லை.

சாரிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். அப்புறம்தான், மிக மிகப் பிந்தி, கணக்கு டீச்சருக்குக் கணக்குப் பிடிபட்டது. உம்மா குர்ஆனைத் தவிர வேறொன்றை வாசித்து நான் கண்டதில்லை. அதற்காக வாசிக்கத் தெரியாதவர் என்று ஆகிவிடுமா? ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்தானே.

குசினியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டோர்ச்சை எடுத்தீர்களா என்று கேட்டேன். ஓம் என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல். இப்போது தண்ணீர் பார்க்கிற வட்டவிதானை வறிய மனிதர், வயலுக்குப் பழைய போன் வெளிச்சத்தில்தான் போகிறார் என்று கேள்விப்பட்டாராம், கூப்பிட்டுக் கொடுத்தாராம். என் சினம் உச்சிக்கு ஏறியது. என் அலுமாரி, என் கொப்பி, எனக்கென்று வைத்திருந்த ஒரே ஒரு பொருள் என்று கத்தினேன்.

"அவர்தானே கேட்டாரு. நீதானே எழுதியிரிக்காய்," என்றார் உம்மா.

மௌத்தானவர் கனவில் வந்து ஒன்றைக் கேட்டால், அதை அவருடைய பெயரைச் சொல்லி ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். அது அவருக்குப் போய்ச் சேரும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு செய்கிற காரியம் இது. நானும் பார்த்து வளர்ந்தவள்தான், பாடசாலையில் யாராவது கனவைச் சொன்னால் ஏதாவது கொடுத்துவிடுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். கொப்பியில் வாப்பாவை எழுதும்போது மட்டும் அது என் புத்தியில் எட்டவில்லை. நான் சும்மா எழுதிவிட்டுப் போக, உம்மா தலையணை உறை கழற்றப் போன இடத்தில் கொப்பியைக் கண்டு, அன்று முதல் நான் பாடசாலைக்குப் போனதும் விரல் வைத்து வாசித்து, ஒவ்வொன்றையும் நிறைவேற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

எல்லாம் பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு அவரு ஒரு நாளும் வந்ததில்ல மகள். நாலு வருசம். உன்ட கொப்பியிலதான் நான் அவரப் பாக்கிற."

பிறகு, கொஞ்சம் தயங்கி, கேட்டார்:

"எல்லாம் எழுதியிரிக்காய். முகத்த மட்டும் எழுதல்ல. முகம் எப்பிடி இருந்திச்சி?"

பொய்யில்கூட எனக்கு அந்த முகத்தை எழுத வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சரியாக ஞாபகமில்லை, இனி வந்தால் பார்த்துச் சொல்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு ஒரு பொய் வரிகூட நான் எழுதவில்லை. கொப்பியில் மறுபடியும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. உம்மா ஒவ்வொரு நாளும் வாசித்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் பாடசாலை விட்டு வரும்போது வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை நேரத்தோடு விட்டுவிடும். அப்படி ஒரு வெள்ளி, சோறு தின்றுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தேன். வாய்க்கால் கட்டு வந்தது. வாப்பா முன்னால் நடந்தார். நான் என் கையைப் பார்த்தேன். கட்டைவிரல், நான்கு விரல்கள், சின்னவிரலுக்கு அப்பால் இன்னொன்று. நகத்தோடு, ரேகையோடு, சாதாரணமான ஒரு விரல். ஆறு.

இது கனவு என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் எல்லாமே துலக்கமாகிவிட்டது. தண்ணீர் ஓடுகிற சத்தம், நெல் தாளில் ஒட்டியிருந்த நத்தை, வாப்பாவின் சாரன் விளிம்பில் பிரிந்து தொங்கிய நூல். நான் கூப்பிட்டேன். வாப்பா நின்றார். திரும்பவில்லை, நின்றார், நான் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறவரைப் போல. கட்டு ஒடுக்கமானது. முன்னால் போவதென்றால் வாய்க்காலுக்குள் இறங்கி நாலு எட்டு வைக்க வேண்டும். ஒரு காலை இறக்கினேன். தண்ணீர் குளிர்ந்தது.

அப்போது எங்கோ வைக்கோல் எரிக்கிற மணம் வந்தது.

எதற்கு நான் பயந்திருந்தேன் என்று அந்த மணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் திரும்பினால் அங்கே முகம் இருக்காது, நெருப்புத் தின்ற ஏதோ ஒன்று இருக்கும். அம்புலன்ஸில் ஏறிய மனிதரை நான்கு வருடமாக எனக்கு முதுகு காட்டி நடக்க வைத்தது நானேதான். கனவுக்குள் விழித்திருக்க மாதக்கணக்கில் பழகியவள், கிடைத்த முதல் விழிப்பில் செய்த ஒரே காரியம் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடி வந்ததுதான்.

கண் திறந்தால் உம்மா கட்டில் விளிம்பில் இருந்தார். நான் வாப்பா என்று சத்தமாகவே கூப்பிட்டிருக்கிறேன்.

"வந்தாரா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

"முகம்?"

சிரித்த மாதிரி இருந்தது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மூன்று சொல். அஸர் தொழுகைக்கு முன் பக்கத்து வீட்டு வேலிக்குப் போய் உம்மா அதைச் சொல்லியிருப்பார், நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த வசனம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். உம்மாவின் உதடுகள் அதைத் திருப்பிச் சொல்ல ஆயத்தமாக இருந்தன.

"பாக்கல்ல உம்மா," என்றேன். "கூப்பிட்டன், நிண்டாரு. முன்னால போய்ப் பாக்க எனக்குப் பயமா இருந்திச்சி."

சொல்லத் தொடங்கியதும் மற்றதும் வந்துவிட்டது. துவாய், செருப்பு, வட்டிலப்பம், டோர்ச் எதையும் வாப்பா கேட்கவில்லை, எல்லாம் நான் இட்டுக்கட்டியது என்று அழுதுகொண்டே சொன்னேன். உம்மா முந்தானை ஓரத்தை விரலில் சுற்றினார். கொடுத்தது கொடுத்ததுதான், துவாயை வாங்கிய பெண் கையேந்தி அவருக்காகத் துஆ கேட்டாள், அது பொய்யாகாது என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கும் அந்தப் பயம்தான். அவர எனக்குக் காட்டிராத றப்பே எண்டு துஆக் கேட்டுட்டுத்தான் ஒவ்வொரு நாளும் படுக்கிற. அதான் வாறாரில்ல போல."

எழுந்து போகும்போது வாசற்படியில் நின்றார். "இனி வந்தா நிக்கச் சொல்லு. ரெண்டு பேருமாப் போய்ப் பாப்பம்."

அன்றே தன் பாயையும் தலையணையையும் என் அறைக்குக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்தார். விரல் எண்ணுவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது விடியற்காலைச் சுபஹு பாங்குக்குச் சற்று முன் விழிப்பு வந்தால், கீழேயிருந்து அவர் கை நீண்டு என் கையைப் பிடிக்கும். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். சின்னவிரல் வந்ததும், அதற்கு அப்பால் இன்னும் ஒன்று இருக்கிறதா என்று கொஞ்சம் தடவிப் பார்ப்பார்.

"அஞ்சுதான் மகள்," என்பார். பிறகு என் கையை விட்டுவிட்டுத் தொழுகைக்கு வுழூச் செய்ய எழும்புவார்.